வாய்க்கால் காட்டும் வழி: தாமிரபரணிக் கரையூர்களில் அமைதியாகச் சைக்கிள் ஓட்ட

தாமிரபரணி ஓரமாகச் சைக்கிளில் போக ஆசைப்பட்டு வருகிறவர்கள் பலரும் ஒரே மாதிரிதான் கிளம்புகிறார்கள். கூகுள் மேப்பைத் திறந்து, ஆற்றுக்குப் பக்கத்தில் தடித்த கோடாகத் தெரியும் ரோட்டைப் பிடித்துவிடுகிறார்கள். மேற்கே போனால் அம்பாசமுத்திரம் ரோடு, கிழக்கே போனால் திருச்செந்தூர் ரோடு. நாள் முழுக்கப் பேருந்து ஹாரனையும் லாரிப் புகையையும் வாங்கிக்கொண்டு, ஆற்றைப் பாலங்களில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பிறகு "நெல்லைப் பக்கம் சைக்கிளுக்கு ஒத்துவராது" என்று ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது.

நல்ல ரோடுகள் இங்கே நிறைய உண்டு. அவற்றைத் தேட வேண்டிய இடம் ஆற்றங்கரை இல்லை, வாய்க்கால் கரை. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தின் மேல்தான் நிற்கிறது.

1. வரைபடத்தில் ஆற்றை விடுங்கள், கால்வாயைத் தேடுங்கள்

பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேரும் வரை தாமிரபரணி ஓடும் தூரம் 120 கி.மீ.க்குச் சற்று மேல். இந்தச் சிறிய ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. மேலிருந்து கீழாகச் சொன்னால் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே கட்டப்பட்டவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. இந்த எட்டிலிருந்தும் பதினொரு கால்வாய்கள் பிரிந்து சுமார் 86,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன.

சைக்கிள்காரருக்கு இதில் என்ன இருக்கிறது? கால்வாய் ஆற்றைவிட மேட்டில் ஓடும். வயலுக்குத் தண்ணீர் தானாக இறங்க வேண்டும் என்பதால், வயல்காட்டின் மேல் விளிம்பை ஒட்டி, உயரத்தை மெள்ள மெள்ள இழந்துகொண்டே போகும். ஆகவே அதன் பக்கத்தில் போகும் பாதையில் ஏற்றம் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. ஊர்களும் அந்தக் கோட்டிலேயே வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் நஞ்சை, மறுபக்கம் புஞ்சை, நடுவில் கோயிலும் தெருவும். ஊரையும் ஊரையும் இணைக்கும் அந்தச் சின்னத் தார் ரோட்டில் டவுன் பஸ் எப்போதாவது வரும். மற்றபடி பைக்கும் டிராக்டரும் ஆடும்தான். நாம் தேடுவது அந்த ரோட்டைத்தான்.

தேடும் முறை இது. சாட்டிலைட் படத்தைத் திறந்து ஓர் அணைக்கட்டைக் கண்டுபிடியுங்கள். ஆற்றுக்குக் குறுக்கே வெள்ளைக் கோடாகத் தெரியும். அதன் நுனியிலிருந்து பிரியும் கால்வாயைக் கீழ்நோக்கித் தொடருங்கள். ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் பழுப்பும் சந்திக்கும் விளிம்பு தெரியும். அந்த விளிம்பில் இருக்கும் ஊர்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு இடையே ரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சாம்பல் நிறமாகத் தெரிந்தால் தாரோ சிமென்டோ, பழுப்பாகத் தெரிந்தால் மண். கால்வாயின் சொந்தக் கரை பெரும்பாலும் மண்தான், அதில் உடைமுள் வேறு கிடக்கும். கரை அழகாக இருக்கிறதே என்று அதிலேயே ஏறிவிட வேண்டாம். அதற்கு இணையாக ஊர்களுக்குள் போகும் தார் ரோடுதான் நமக்கு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கால்வாய்கள் கூகுளைவிடத் தெளிவாக இருக்கும் இடங்களும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாகப் பாலங்கள். ஒரு கரையில் போய் மறுகரையில் திரும்புவதுதான் நல்ல சுற்று, ஆனால் நினைத்த இடத்தில் ஆற்றைக் கடக்க முடியாது. அம்பை (அம்பாசமுத்திரம்)–கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஏரல், முக்காணி–ஆத்தூர் என்று பெரிய பாலங்களை முதலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சுற்று எத்தனை கிலோமீட்டர் என்பதை முடிவு செய்பவை அவைதான். தரைப்பாலங்களை நம்பித் திட்டம் போடாதீர்கள். மேலே மழை பெய்தாலோ அணையில் தண்ணீர் திறந்தாலோ அவை மூழ்கிவிடும்.

2. மாதத்தையும் காற்றையும் பார்த்து நாள் குறியுங்கள்

பூகோளப் பாடத்தில் படித்த பருவமழை இங்கே நேராகக் காலில் வந்து படும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாகப் புகுந்து வரும் மேகாத்து, அதாவது மேற்குக் காற்று, இந்தச் சமவெளியைத் துடைத்தெடுக்கும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் காடு போல நிற்பது சும்மா இல்லை. ஆடி மாதத்தில் கிழக்கிலிருந்து மேற்கே சைக்கிள் மிதித்தால், சமதரையிலேயே மலை ஏறுகிற பாடு படுவீர்கள். அந்த மாதங்களில் விதி ஒன்றுதான்: மேற்கே ரயிலில் போங்கள், கிழக்கே சைக்கிளில் வாருங்கள். முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு அம்பையிலிருந்து கிழக்கே வரும் சுகத்துக்காகவே ஆடியில் கிளம்பலாம். முதல் போகமான கார் சாகுபடிக்குக் கால்வாய்களில் தண்ணீர் ஓடும் காலமும் அதுதான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன திருச்செந்தூர் ரயிலில் சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள், ஏரல் பாலம் துண்டிக்கப்பட்டது. நவம்பர், டிசம்பரில் மேகம் கருத்தால் கீழ்ப்பள்ளத்தாக்குப் பக்கமே போக வேண்டாம்.

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரைதான் அருமையான காலம். இரண்டாம் போகமான பிசானப் பயிர் கதிர் வாங்கி நிற்கும், காலையில் பனி இருக்கும், குளங்களில் தண்ணீரும் பறவையும் இருக்கும். ஒரே தொந்தரவு, மாசியில் அறுப்பு தொடங்கியதும் ரோட்டில் பாதி நெல் காயும் களமாகிவிடும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஏப்ரல், மே வெயிலில் பத்து மணிக்கு மேல் ஓட்டுவது வீண் வீராப்பு. ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். பதநீரும் நுங்கும் கிடைக்கும் காலம் என்பது மட்டும் ஆறுதல்.

கீழ்ப்பகுதிக்கு இன்னொரு கணக்கு உண்டு. மேகாத்து இல்லாத மாதங்களில் மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். காலையில் கடலை நோக்கிப் போய், பிற்பகலில் மேற்கே திரும்பினால் காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு வரும்.

3. சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

விலை உயர்ந்த சைக்கிள் வேண்டியதில்லை. கியர் இல்லாத சாதாரண வண்டியிலும் இந்த ரோடுகளை ஓட்டிவிடலாம், அவ்வளவு சமதரை. கவனிக்க வேண்டியது டயர். ரோடு பைக் வைத்திருப்பவர்கள் 28 மி.மீ.க்குக் கீழே போக வேண்டாம், 32 இருந்தால் நல்லது. கிராமத்து ரோடுகளில் தார் பெயர்ந்து ஜல்லி தலைகாட்டும் இடங்கள் உண்டு. பெயின்ட் அடிக்காத வேகத்தடைகள் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் முன்னால் காத்திருக்கும்.

பஞ்சர் கட்டாயம் வரும் என்று நினைத்துக்கொண்டே கிளம்புங்கள். உடைமுள்ளும் வேலிக்கருவை முள்ளும் டயரைச் சட்டை செய்யாது. கூடுதலாக இரண்டு ட்யூப், ஒட்டும் சாமான், கைப்பம்பு மூன்றும் வேண்டும். ஊர்களில் சைக்கிள் கடை இருக்கும். கடைக்கார அண்ணாச்சி வேலையில் கெட்டிக்காரராகவும் இருப்பார். ஆனால் அவரிடம் இருப்பது வால்டியூப் போட்ட பழைய சைக்கிளுக்கும் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளுக்கும் உரிய சாமான்கள். மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ள ட்யூப் வைத்திருப்பவர்கள் பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம்.

முன்னும் பின்னும் விளக்கு, ஹெல்மெட், ஒன்றரை லிட்டர் தண்ணீர், சில்லறை. பெரிய ஊர்களைத் தாண்டினால் காலையில் இட்லி, ஆப்பம் என்று கிடைப்பது டீக்கடைகளில்தான். சில கடைகளில் ஒன்பது மணிக்கே பாத்திரம் காலியாகிவிடும்.

4. ரயிலை உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்

இந்தப் பள்ளத்தாக்குக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. மேற்கே திருநெல்வேலி–செங்கோட்டை தடம், கிழக்கே திருநெல்வேலி–திருச்செந்தூர் தடம் என்று இரண்டு ரயில் பாதைகள் ஆற்றோடு கூடவே போகின்றன. மேற்கில் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம். கிழக்கில் செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர். எந்த இடத்தில் கால் ஓய்ந்தாலும் பக்கத்தில் ஒரு ஸ்டேஷன் இருக்கும்.

சைக்கிளை ஏற்றுவதில்தான் சிக்கல். முழு சைக்கிளை லக்கேஜாகப் புக் செய்து கார்டு வேனில் போட வேண்டும். ஜங்ஷனில் அதற்கு ஆள் இருப்பார்கள், சின்ன ஸ்டேஷன்களில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குக் கவலை இல்லை. மற்றவர்கள் சக்கரங்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கூட்டம் இல்லாத ரயிலாகப் பார்த்து ஏற வேண்டியிருக்கும். நாலைந்து பேராகப் போகிறீர்கள் என்றால் பேசாமல் ஒரு குட்டியானை (சின்ன சரக்கு வண்டி) பிடித்து, சைக்கிள்களை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டி, அதிகாலையில் அம்பையில் இறங்கிவிடுங்கள். வாடகையைப் பங்கு போட்டால் பெரிய தொகை வராது.

5. மேல் சுற்று: அம்பையிலிருந்து சேரன்மகாதேவி வரை

ஏறத்தாழ 60 கி.மீ., ஒரு முழுக் காலைப்பொழுது.

அம்பாசமுத்திரத்தில் இறங்கியதும் முதலில் மேற்கே பாபநாசம். விடியற்காலையில் மட்டுமே இந்த ரோடு சைக்கிளுக்கு உகந்தது. எட்டு மணிக்கு மேல் அருவிக்குப் போகும் வேன்கள் வரிசை கட்டும். வழியில் விக்கிரமசிங்கபுரம். ஆற்றின் வீழ்ச்சியிலிருந்து விசை எடுத்து ஓட்டலாம் என்று கணக்குப் போட்டு 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை வைத்த ஊர். பாபநாசம் கோயில் படித்துறையில் கொஞ்சம் உட்காருங்கள், சைக்கிள் பையை மட்டும் குரங்கிடமிருந்து காப்பாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வனச்சாவடி. அந்தப் பக்கம் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம், அங்கே வனத்துறை வைத்ததுதான் சட்டம். இந்த வழிகாட்டி சாவடியோடு நின்றுகொள்கிறது. ஆடி அமாவாசை அன்று பாபநாசம் பக்கமே வேண்டாம்.

திரும்பி அம்பை வந்து பாலத்தைத் தாண்டினால் தென்கரையில் கல்லிடைக்குறிச்சி. ரோட்டை விட்டு உள்ளே அக்கிரகாரத் தெருக்களில் புகுந்து போங்கள். அப்பளம் வாங்குவதாக இருந்தால் இங்கேதான் வாங்க வேண்டும், ஆனால் சைக்கிள் பையில் அது முழுசாக வீடு சேராது. காலில் இன்னும் தெம்பு இருப்பவர்கள் இங்கிருந்து மணிமுத்தாறு அணை அடிவாரம் வரை போய்த் திரும்பலாம். 1950-களில் கட்டிய அணை, முன்னால் வயல், பின்னால் மலை. இதைச் சேர்த்தால் மொத்தத் தூரம் 75 கி.மீ.யை நெருங்கும்.

கல்லிடையிலிருந்து வெள்ளாங்குளி வழியாக வீரவநல்லூர் வரை உண்மையைச் சொன்னால் மெயின் ரோடுதான், தப்பிக்க நல்ல வழி இல்லை. இடது ஓரமாகப் போய் முடித்துவிடுங்கள். செடிப்புட்டா சேலை நெய்யும் வீரவநல்லூரில் டீ குடித்துவிட்டு வடக்கே ஆற்றை நோக்கித் திரும்புங்கள். இங்கிருந்துதான் நாம் வந்த காரியம் தொடங்குகிறது.

திருப்புடைமருதூர்தான் இந்தச் சுற்றின் உயிர். கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடத்தை ஒட்டிய ஊர், ஆற்றங்கரையில் நாறும்பூநாதர் கோயில். கோபுரத்தின் ஐந்து நிலைகளிலும் உள்ளே சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் இருக்கின்றன. நாயக்கர் காலக் கடலோட்டமும் போரும் ஊர்வலமும் அந்தச் சுவரில் பார்க்கலாம். மேலே ஏற எப்போதும் விட மாட்டார்கள், கோயிலில் கேட்டுப் பாருங்கள். விடவில்லை என்றாலும் போன தூரம் வீணில்லை. ஊரின் மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டுகின்றன, ஊர்க்காரர்களே அவற்றைக் காவல் காக்கிறார்கள். 2005-இல் இது பறவைகள் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. மரத்தடியில் சைக்கிளை நிறுத்தும் முன் மேலே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பீடி சுற்றும் முக்கூடல், அங்கிருந்து சேரன்மகாதேவி ரோடு. ரயிலைப் பிடிக்க அவசரம் இல்லை என்றால் சேரன்மகாதேவியிலிருந்து கொஞ்சம் மேற்கே காருகுறிச்சி வரை போய் வரலாம். நாதஸ்வர மேதை அருணாசலத்தின் (1921–1964) பெயரோடு சேர்ந்தே சொல்லப்படும் ஊர். மண்பானை, மண்ணடுப்பு செய்யும் ஊரும்கூட. கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் நிரப்பும் பெரிய குளம் இருக்கிறது, தை மாதத்தில் பறவைகளைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விடும்.

6. நடுப்பகுதி, சுருக்கமாக

சேரன்மகாதேவியிலிருந்து கிழக்கே பத்தமடை, மேலச்செவல், கோபாலசமுத்திரம், முன்னீர்பள்ளம் என்று கால்வாய்ப் பாசன ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இருபது கி.மீ.க்குள் மேலப்பாளையம் வந்துவிடும். கோரைப்பாய் நெய்யும் பத்தமடையில் நின்று பார்க்க வேண்டும். பட்டுப்போல மடியும் பாயை நெய்வதற்குக் கோரையை எவ்வளவு மெல்லிசாகக் கீறுகிறார்கள் என்பதை நேரில் பார்த்தால்தான் விலை ஏன் அப்படி என்று புரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சின்ன ஓட்டத்துக்கு இந்தத் துண்டு போதும். மற்ற நாளில் எட்டரைக்கு மேல் பஸ் அதிகம்.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை நகரத்தைச் சைக்கிளில் கடப்பதில் எந்த இன்பமும் இல்லை. இரண்டு சுற்றுகளையும் ஒரே நாளில் இணைக்க நினைக்காமல், அல்வா வாங்கிக்கொண்டு அறைக்குப் போங்கள்.

7. கீழ்ச் சுற்று: நவதிருப்பதி ஊர்கள்

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். ஒன்பது பெருமாள் கோயில்கள், ஆற்றின் இரு கரையிலும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் சில கி.மீ.தான். கார்க்காரர்கள் மதியத்துக்குள் ஒன்பதையும் சேவித்து முடிக்க வேண்டும் என்று பறப்பார்கள். அந்த அவசரம் நமக்கு வேண்டாம். பக்தி இருக்கிறதோ இல்லையோ, இந்தக் கோயில்களை இணைக்கும் ரோடுகள் வாழைத்தோட்டத்துக்கும் நெல்வயலுக்கும் நடுவே போகும், தமிழ்நாட்டில் சைக்கிளுக்கு இவ்வளவு தோதான ரோடுகள் குறைவு என்றே சொல்வேன். முழுச் சுற்று 35-லிருந்து 45 கி.மீ.

ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் இருப்பது ஆற்றின் தென்கரையில், புதுக்குடியில். ஊர் வடகரையில். காலை ஆறு மணிக்கு இங்கே இருந்தால், கிளம்பும் முன் மேற்கே சிறிது தூரம் திருச்செந்தூர் ரோட்டில் போய் ஆதிச்சநல்லூர்ப் பறம்பைப் பார்த்துவிடலாம். சுமார் 114 ஏக்கர் பரந்த ஈமக்காடு. 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டிப் பார்த்தார், பிறகு தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ வந்தார். இப்போது முதுமக்கள் தாழிகளைக் கிடந்த இடத்திலேயே கண்ணாடிக்கு அடியில் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அதிகாலையில் அது திறந்திருக்காது என்பதால், சுற்றை முடித்துவிட்டுக் கடைசியில் வருவது மேல்.

பாலத்தின் மேலிருந்து அணைக்கட்டைப் பார்த்தபடி வடகரைக்குப் போங்கள். ஸ்ரீவைகுண்டம் கோயிலுக்குப் பிறகு கிழக்கே திரும்பினால் நத்தம் என்கிற வரகுணமங்கை, அடுத்துத் திருப்புளிங்குடி. இரண்டும் பக்கத்திலேயே. இந்த வழியிலேயே வாய்க்கால் உங்களோடு சேர்ந்துகொள்ளும். சில இடங்களில் ரோட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு வரிசைத் தென்னை மட்டும்தான்.

அடுத்தது பெருங்குளம். பேருக்கு ஏற்ற பெரிய குளம், கரையோரமாகப் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும். பக்கத்தில்தான் சிவகளை. 2025 ஜனவரியில் தமிழ் நிலத்தில் இரும்பின் பழமை பற்றி அரசு அறிவித்தபோது பேசப்பட்ட அந்த ஊர். பார்க்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, சும்மா சைக்கிளில் கடந்து போவதில் ஒரு திருப்தி.

பெருங்குளத்திலிருந்து தெற்கே ஆற்றுப் பக்கம் இறங்கினால் இரட்டைத் திருப்பதி. ஊர்க்கூட்டம் இல்லாமல் வயலுக்குள் நிற்கும் இரண்டு கோயில்கள். ஒன்பதில் எதில் அதிக நேரம் உட்காரலாம் என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். குடிக்கத் தண்ணீரை முன்னாலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், பக்கத்தில் கடை கிடையாது.

பிறகு மங்கலக்குறிச்சி வழியாக ஏரல். கடைத்தெரு நெரிசலான ஊர், காலைச் சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு வரும் கூட்டத்தில் சைக்கிள் நகராது. தெம்பும் நேரமும் இருப்பவர்கள் இங்கிருந்து கிழக்கே கொற்கை வரை போய்வரலாம். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்று கடலிலிருந்து பல கி.மீ. உள்ளே, குளத்தங்கரையில் ஒரு சிற்றூர். ஊரில் பழைய வன்னிமரம் ஒன்று நிற்கிறது. கொற்கையைச் சேர்த்தால் மொத்தத்தில் 15, 20 கி.மீ. கூடும். அதற்கும் கிழக்கே ஆத்தூர், வெற்றிலைக் கொடிக்கால்களின் ஊர். 2023-இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அங்கே தூத்துக்குடி–திருச்செந்தூர் ரோட்டைத் தொட வேண்டியிருக்கும். உப்பு லாரியும் பஸ்ஸும் பறக்கும் ரோடு அது. அமைதியைத் தேடி வந்தவர்கள் ஏரலோடு திரும்பிவிடலாம்.

ஏரல் பாலத்தைத் தாண்டினால் தென்கரை. தென்திருப்பேரை, மதுரகவி ஆழ்வார் பிறந்த திருக்கோளூர், கடைசியாக நம்மாழ்வாரின் ஆழ்வார்திருநகரி. தென்திருப்பேரைக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் இடையே திருச்செந்தூர் ரோட்டில் நேராகப் போனால் சீக்கிரம் வந்துவிடலாம். அதைச் செய்யாமல் திருக்கோளூர் வழியாக உள்ளே சுற்றிப் போங்கள், ஊரும் வயலும் மாறி மாறி வரும். ஆழ்வார்திருநகரிக் கோயிலில் உறங்காப்புளி என்னும் பழைய புளியமரத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே ரயில் ஏறலாம், அல்லது புதுக்குடிக்கு மிதிக்கலாம்.

கோயில்களுக்குள் போக விரும்புகிறவர்களுக்கு ஒன்று. மதியம் நடை சாத்தினால் மாலைதான் திறக்கும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமென்றால் ஏழரைக்கே முதல் கோயிலில் நிற்க வேண்டும். பையில் ஒரு வேட்டியோ முழு நீளப் பேண்டோ இருக்கட்டும், சைக்கிள் டவுசரோடு சன்னிதிக்குப் போவது அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம். வைகாசியில் ஆழ்வார்திருநகரியில் ஒன்பது கருட சேவை நடக்கும் நாளில் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு, சேவைக்கு மட்டும் வாருங்கள்.

8. ரோட்டில் நடந்துகொள்ளும் விதம்

நெல். அறுப்புக் காலத்தில் ரோட்டின் பாதி அகலத்துக்குக் காயப் போட்டிருப்பார்கள், ஓரத்தில் கல்லும் கட்டையும் அடுக்கியிருப்பார்கள். அதன் மேல் ஓட்டாதீர்கள். நெல் உருளும், பிரேக் பிடித்தால் சைக்கிள் நழுவும், அதைவிட முக்கியமாக அது ஒருவருடைய நான்கு மாத உழைப்பு. வைக்கோல் கிடந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். கியர் சங்கிலியில் சுற்றிக்கொண்டால் எடுக்க அரை மணி நேரம் ஆகும்.

நாய். விரட்டினால் வேகமாக மிதிக்கத் தோன்றும். நின்றுவிட்டால் பெரும்பாலும் அதுவும் நின்றுவிடும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நாலடி நடந்தால் ஆர்வம் போய்விடும்.

வழி கேட்பது. மேப் சொல்வதைவிட மடைக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நிற்பவர் சொல்வதை நம்புங்கள். "அண்ணாச்சி, இதுக்கூடி போனா பெருங்குளம் போயிருலாமா?" என்று கேட்டால், "போலாம்… ஆனா ரோடு நல்லாருக்காது, அந்தால திரும்பிப் போங்க" என்று சரியான பதில் வரும். பெண்களிடம் கேட்டால் அக்கா, வயதானவர் என்றால் ஆச்சி. தூரத்தை மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள். எல்லா ஊரும் "பக்கத்துலதான்" இருக்கும்.

குளிப்பது. வெயிலில் வந்தவருக்கு ஆற்றைப் பார்த்தால் கை கால் நிற்காது. ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும் இறங்குங்கள். அணைக்கட்டுக்கு அடியிலும் மணல் எடுத்த குழிகள் உள்ள இடத்திலும் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. வருடாவருடம் வெளியூர்ப் பிள்ளைகள் போவது அப்படிப்பட்ட இடங்களில்தான். கால்வாயிலும் மதகுக்குப் பக்கத்தில் இறங்கக் கூடாது, உள்ளே இழுக்கும்.

திரும்பும் ரயிலுக்கு ஸ்டேஷனில் அரை மணி நேரம் முன்னாலேயே இருங்கள். சக்கரம் கழற்ற, பையில் கட்ட, கையைக் கழுவ அந்த நேரம் சரியாக இருக்கும்.